69 ஹெச்பி பழைய டாட்சனுக்கு பெரிய இஞ்சின் போடவா, இல்ல முதல்ல ஓட்டக் கத்துக்கவா?

தகரக்கொட்டகை:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இப்ப தான் முதல் தடவையா கேக்குறேன், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கோங்க. என்கிட்ட 1972 டாட்சன் 1200 ரெண்டு கதவு வண்டி ஒண்ணு இருக்கு. பல வருஷம் ஓடாம மூடிப் போட்டுக் கிடந்த வண்டி. வாங்கும்போது இஞ்சின் சுத்தமா பிடிச்சிருந்துச்சு, கிராங்க் போல்ட்ல நீள ஸ்பானர் போட்டு இழுத்தாலும் அசையல. நாலு பிளக்கையும் கழட்டிட்டு சிலிண்டருக்குள்ள ஆட்டோமேட்டிக் கியர் ஆயில் ஊத்தி ஊற விட்டேன், தினமும் காலைல ஒரு தடவ சாயந்தரம் ஒரு தடவ லேசா முன்னாடி பின்னாடி ஆட்டிப் பாப்பேன், பதினோராவது நாள் டக்னு ஒரு சத்தம் கேட்டு கொஞ்சூண்டு நகந்துச்சு பாருங்க, அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல.

அப்புறம் இஞ்சின இறக்கி ரிங், பேரிங், வால்வு சீல், கேஸ்கட் எல்லாம் புதுசு போட்டேன், தரைத் தகடு துருப்பிடிச்ச இடத்த வெட்டி வெல்டிங் வச்சேன், பின்னாடி பட்டை ஸ்பிரிங்கும் முன்னாடி சஸ்பென்ஷன் கைகளும் கழட்டி புது ரப்பர் புஷ் ஏத்தினேன். எல்லாமே வீட்டுக் கொட்டகைல தான், பதினாலு மாசம். போன வாரம் ஸ்டார்ட் ஆயிடுச்சு, ஐடில் கூட நல்லா நிக்குது.

இப்ப பிரச்சனை என்னன்னா, நண்பர் ஒருத்தர் இந்த 1171 சிசி ஏ12 இஞ்சின வச்சு என்ன பண்ணப் போற, நிசான் 1.8 டர்போ சிஏ18டெட் ஒண்ண உள்ள இறக்கு, 170 ஹெச்பி கிட்ட கிடைக்கும், வண்டியே 700 கிலோ தான், பறக்கும்ங்கிறார். இன்னொருத்தர் உனக்கு இருக்கிற 69 ஹெச்பிய முழுசா ஓட்டத் தெரியுமா முதல்லன்னு கேக்குறார். ரெண்டு பேரும் அனுபவசாலிங்க தான், ரெண்டு பேர் சொல்றதும் சரின்னு தோணுது. எனக்கு பந்தயத்துக்கெல்லாம் போற எண்ணம் இல்ல, அப்பப்ப டிராக் டே (சொந்த வண்டிய பந்தய டிராக்குல ஓட்டிப் பாக்குற நாள்) போகணும், மலைப்பாதைல சந்தோஷமா ஓட்டணும், அவ்வளவு தான். நீங்க என் இடத்துல இருந்தா அடுத்து எதுல கை வைப்பீங்க?

மூணாவதுகியர்:

தம்பி முதல்ல வாழ்த்துகள். பிடிச்சிப்போன இஞ்சின ஸ்டார்ட்டர் மோட்டார் போட்டு சுத்தாம கையால பதினோரு நாள் பொறுமையா விடுவிச்சீங்களே, அந்தப் பொறுமை தான் ஓட்டுறதுக்கும் வேணும்.

என் ஓட்டு ரெண்டாவது நண்பருக்கு. வண்டி எவ்வளவு வேகமாப் போகும்னு கடைசியா முடிவு பண்றது நாலு டயர் தரையத் தொடுற உள்ளங்கை அகல இடம் தான். அந்த இடத்துக்கு ஒரு அளவு பிடிமானம் தான் இருக்கு, அத பிரேக்குக்கும் திருப்புறதுக்கும் நீங்க பங்கு போட்டுக் குடுக்குறீங்க. முழுசா பிரேக்குக்கே செலவு பண்ணிட்டா திருப்ப ஒண்ணும் மிச்சம் இருக்காது, ஸ்டியரிங்க எவ்வளவு உடைச்சாலும் மூக்கு நேரா தான் போகும். பிரேக்க விட விட அந்தப் பங்கு திருப்பத்துக்கு வந்து சேருது. இந்தக் கொடுக்கல் வாங்கல காலால உணர ஆரம்பிச்சா அதுக்குப் பேர் தான் ஓட்டத் தெரியுறது. 69 ஹெச்பி வண்டில இத கத்துக்கிறது சுலபம், ஏன்னா தப்புப் பண்ணா வண்டி மெதுவா சொல்லும், திருத்திக்க நேரம் குடுக்கும். வேகத்த இழந்தா திரும்ப எடுக்க வண்டிக்கு நேரம் ஆகும்ங்கிறதால வேகத்த இழக்காம வளைவுக்குள்ள எப்படி நுழையுறதுன்னு உங்க மூளை தானா தேட ஆரம்பிச்சிரும். பவர் வண்டி ஓட்டுறவங்க வளைவுல சொதப்பிட்டு நேர் ரோட்டுல மிதிச்சு அந்த நேரத்த திருப்பி வாங்கிடுவாங்க, அதனால சொதப்பினதே அவங்களுக்குத் தெரியாது.

1964 மான்டி கார்லோ ராலியப் பாருங்க. பேடி ஹாப்கிர்க் ஒரு குட்டி மினி கூப்பர் எஸ், 1071 சிசி, அத வச்சுக்கிட்டு பெரிய வி8 இஞ்சின் வச்ச ஃபோர்டு ஃபால்கன எல்லாம் பின்னாடி தள்ளி ஜெயிச்சார். திறமைக்கு இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்.

பூஸ்ட்பிரியன்:

மூணாவதுகியர் அண்ணா, உங்க மேல மரியாதை உண்டு, ஆனா அந்த மினி கதைய பாதியோட நிறுத்திட்டீங்க. 1964ல இஞ்சின் சைஸ் பொறுத்து நேரத்த கூட்டிக் கழிக்கிற ஹேண்டிகேப் கணக்கு இருந்துச்சு. ஸ்டேஜ் நேரத்த மட்டும் பாத்தா போ லியூங்ஃபெல்ட் ஓட்டின அந்த ஃபால்கன் தான் வேகம், கணக்குப் போட்டு முடிச்சப்ப மினி மேல வந்துச்சு. ஹாப்கிர்க் பெரிய ஓட்டுநர் அதுல சந்தேகமே இல்ல, ஆனா அந்த வருஷத்து முடிவ வச்சு பவர் தேவையில்லன்னு சொல்ல முடியாது.

எல்லாரும் அடுத்து 1984 மொனாக்கோ ஃபார்முலா ஒன் பந்தயத்த எடுப்பீங்க, நானே சொல்லிடுறேன். கொட்டுற மழை, சென்னா சுமாரான டோல்மன் வண்டில 13வது இடத்துல இருந்து கிளம்பி ரெண்டாவதா வந்தார். ஸ்டெஃபான் பெல்லோஃப் அத விட ஆச்சரியம், களத்துல டர்போ இல்லாத ஒரே வண்டி அவரோட டிரெல், 20வது இடம், அதாவது கடைசில இருந்து கிளம்பி மூணாவதா வந்தார், பின்னாடி டிரெல் டீமையே தகுதி நீக்கம் பண்ணி அந்த முடிவ அழிச்சது வேற கதை. அந்த மழைல ரெண்டு பேரும் ஓட்டினது தெய்வ லெவல். ஆனா யோசிங்க, அதே பெல்லோஃப் குவாலிஃபையிங்ல ஏன் கடைசில நின்னார்? ஓட்டத் தெரியாமலா? பவர் இல்ல. மழை பெஞ்சா டயரால பவர தரைல இறக்க முடியாது, அதனால எல்லாரும் ஒரே மட்டத்துக்கு வந்துடுறாங்க, அப்ப தான் திறமை தனியா தெரியுது. காய்ஞ்ச ரோட்டுல ரெண்டும் வேணும்.

தகரக்கொட்டகை ப்ரோ, உங்க கிட்ட இன்னொண்ணும் சொல்லணும். அந்த 69ங்கிற எண்ண நம்பாதீங்க. அந்தக் காலத்து விளம்பரத்துல போட்டது பெரும்பாலும் கிராஸ் கணக்கு, ஏர் ஃபில்டர், வண்டியோட சைலன்சர் எல்லாம் இல்லாம இஞ்சின மட்டும் ஸ்டாண்டுல வச்சு அளந்தது. அமெரிக்காவுல 1972 வாக்குல தான் எல்லாத்தையும் மாட்டி அளக்குற நெட் கணக்குக்கு மாறினாங்க, ஒரே இஞ்சின் ஒரே வருஷத்துல காகிதத்துல இளைச்சுப் போச்சு. அதுக்கு மேல கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் உராய்வுல போறது வேற. உங்க பின் சக்கரத்துக்கு வர்றது ஐம்பது சொச்சம் இருந்தாலே பெரிசு. காத்தோட எதிர்ப்ப தள்ள வேண்டிய பவர் வேகத்தோட மூணாம் அடுக்குல ஏறும், 60ல இருந்து 120 போனா எட்டு மடங்கு. மேட்டுல ஒரு லாரிய ஓவர்டேக் பண்ணும்போது எதிர்ல வண்டி வந்தா, அந்த ஐம்பது சொச்சம் உங்கள அதிக நேரம் தப்பான பக்கத்துல நிறுத்தி வைக்கும். பவரும் ஒரு பாதுகாப்பு தான், இத யாரும் பேசவே மாட்டேங்குறாங்க.

கிரீஸ்கை:

ரெண்டு பேரும் இஞ்சினயும் ஓட்டுறவரையும் பத்தியே பேசிட்டு இருக்கீங்க, அந்த வண்டி நிக்குமான்னு யாராவது கேட்டீங்களா? தகரக்கொட்டகை தம்பி என்னென்ன பண்ணேன்னு எழுதினதுல இஞ்சின் இருக்கு, தகடு இருக்கு, புஷ் இருக்கு. பிரேக்குன்னு ஒரு வார்த்த இல்ல. எனக்கு அத படிச்சதுல இருந்து மனசு அடிச்சுக்குது.

நான் இருபது வருஷத்துக்கு மேல வீட்டுலயே பழைய வண்டிங்க கட்டுறேன், இதுவரைக்கும் அஞ்சு முடிச்சிருக்கேன். பல வருஷம் நின்ன வண்டில முதல்ல சாகுறது ரப்பர். பிரேக் ஹோஸ் வெளிய பாத்தா பளபளன்னு இருக்கும், உள்ள வீங்கி ஊசி நுழையுற அளவு தான் துவாரம் இருக்கும், பெடல மிதிச்சா அழுத்தம் போகும், விட்டா திரும்பாது, ஒரு சக்கரம் மட்டும் பிடிச்சே இருக்கும். வீல் சிலிண்டர் உள்ள கப் காஞ்சு வெடிச்சிருக்கும். பிரேக் ஆயில் காத்துல இருக்குற ஈரத்த உறிஞ்சும், டாட் 4ங்கிற ரக ஆயில் புதுசுல குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்காம தாங்கணும், ஈரம் ஏறினப்புறம் அந்த வரம்பு 155க்கு இறங்கிடும், அது கொதிச்சா பைப்புக்குள்ள ஆவி, ஆவிய அழுத்தினா சுருங்கும், பெடல் தரை வரைக்கும் போகும், வண்டி நிக்காது. அந்த ஈரமே சிலிண்டர் சுவத்த உள்ளருந்து துருப்பிடிக்க வைக்கும். அதனால ஹோஸ் எல்லாம், வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர், இரும்பு பைப் துரு இருந்தா அதுவும், மொத்தமா மாத்திடுங்க. டாட் 5ன்னு சிலிக்கான் ஆயில் ஒண்ணு இருக்கு, அத பழைய டாட் 3, 4 கூட கலந்துடாதீங்க.

உங்க வண்டில முன்னாடி டிஸ்க்கா டிரம்மா? டிரம்மா இருந்தா டர்போ பேச்ச இன்னைக்கே நிறுத்துங்க. டிரம் சூடானா விரியும், விரிஞ்சா உள்ளருந்து அழுத்துற பிரேக் ஷூவ விட்டு விலகிப் போகும், மலை இறங்கும்போது ஒவ்வொரு வளைவுக்கும் பெடல் இன்னும் கொஞ்சம் கீழ போறத காலாலயே உணரலாம். வேகம் ரெண்டு மடங்கானா பிரேக் விழுங்க வேண்டிய சூடு நாலு மடங்கு. 170 ஹெச்பி உங்கள அந்த வேகத்துக்கு கொண்டு போயிடும், அங்கருந்து திரும்பக் கொண்டு வர்றது இந்த டிரம் தான்.

டயர் பக்கவாட்டுல டாட் (DOT)னு போட்டு கடைசில நாலு எண் இருக்கும். முதல் ரெண்டு எத்தனாவது வாரம், அடுத்த ரெண்டு வருஷம். 2319னா 2019ல 23வது வாரம். போய் பாத்துட்டு வந்து சொல்லுங்க. பட்டன் நல்லா இருக்குன்னு சொல்லாதீங்க, ரப்பர் கல்லா போயிருந்தா பட்டன் எவ்வளவு இருந்தும் பிரயோஜனம் இல்ல.

அப்புறம் புஷ் மாத்தினேன்னு சொன்னீங்க, அந்த போல்ட் எல்லாம் எப்ப இறுக்கினீங்க? வண்டி ஸ்டாண்டு மேல சக்கரம் தொங்கிட்டு இருக்கும்போதா, தரைல இறக்கினப்புறமா?

தகரக்கொட்டகை:

அக்கா, இப்ப தான் கொட்டகைக்குப் போய் பாத்துட்டு வரேன். டயர்ல 4109ன்னு இருக்கு. அதாவது 2009, 41வது வாரம். நகத்தால அழுத்தினா தடம் கூட விழல, பக்கவாட்டுல மயிரிழை மாதிரி வெடிப்பு இருக்கு. பட்டன் முக்கால்வாசி இருக்குன்னு அதையே வச்சிக்கலாம்னு தான் நெனச்சேன்.

முன்னாடியும் டிரம் தான். பிரேக்குக்கு ஆயில் மட்டும் மாத்தி பைப்புக்குள்ள இருந்த காத்த வெளிய எடுத்திருந்தேன், சிலிண்டர் எதையும் தொடல. நீங்க சொன்னதும் பின் இடது சக்கரத்தோட டிரம்ம கழட்டினேன், உள்ள ஈரமா இருக்கு, தூசிக் கவர தூக்கினா ஆயில் வழியுது.

புஷ் போல்ட் எல்லாமே சக்கரம் தொங்கும்போது தான் இறுக்கினேன். அதுல என்ன தப்புன்னு புரியல, சொல்லுங்க.

கிரீஸ்கை:

கழட்டிப் பாத்தீங்களே அதுவே போதும் தம்பி, நிறைய பேர் கழட்டவே மாட்டாங்க.

புஷ் விஷயம் இது தான். உள்ள இரும்புக் குழாய், வெளிய இரும்பு வளையம், நடுவுல ரப்பர் ரெண்டோடயும் ஒட்டி இருக்கும். போல்ட்ட இறுக்கினா உள் குழாய் அந்த நிலைலயே பூட்டிக்கும். சக்கரம் தொங்கும்போது பூட்டிட்டீங்கன்னா ரப்பருக்கு அது தான் ஓய்வு நிலை, வண்டிய இறக்கினதும் ரப்பர் முறுக்கிக்கும், நின்னுட்டு இருக்கும்போதே முறுக்கிட்டே இருக்கும், சீக்கிரம் கிழியும். வண்டியும் நிக்க வேண்டிய உயரத்துக்கு மேல நிக்கும், ஸ்பிரிங் வேலையோட இந்த ரப்பரும் ஒரு ஸ்பிரிங்கா வேலை செய்யும். வளைவுல வண்டி ஏன் விறைப்பா துள்ளுதுன்னு தலைய பிச்சுக்கிட்டு ஷாக் அப்சார்பர மாத்துவாங்க, காரணம் இந்த போல்ட்டா இருக்கும். ஒண்ணும் கெட்டுப் போகல, வண்டிய தரைல நிறுத்தி, முன்னும் பின்னும் அழுத்தி ஆட்டி விட்டு, போல்ட்ட தளர்த்தி திரும்ப டார்க் ரெஞ்சுல (இறுக்கத்த அளந்து காட்டுற ஸ்பானர்) இறுக்குங்க. கீழ நுழைய இடம் இல்லன்னா சக்கரத்துக்கு அடில உறுதியான மரக்கட்டை வச்சு நாலையும் ஒரே அளவு தூக்கிக்கங்க. ஜாக்கிய மட்டும் நம்பி ஒரு தடவ கூட கீழ போயிடாதீங்க, ஒரே ஒரு நிமிஷ வேலையா இருந்தாலும்.

இத ஏன் இவ்வளவு நீட்டி சொல்றேன்னா, பவரா திறமையான்னு பேசுறதுக்கு முன்னாடி வண்டி உங்க கிட்ட உண்மைய பேசணும். 2009 டயரும், முறுக்கின புஷ்ஷும், ஒழுகுற சிலிண்டரும் வச்சுக்கிட்டு ஓட்டிப் பழகினா நீங்க பழகுறது டாட்சன இல்ல, அதோட வியாதிய.

பூஸ்ட்பிரியன்:

அக்கா சொன்ன பிரேக் விஷயத்துக்கு நான் முழுசா தலை வணங்குறேன். முன் டிரம்னு தெரிஞ்சிருந்தா முதல் பதிலயே வேற மாதிரி எழுதியிருப்பேன்.

என் சொந்த அனுபவம் ஒண்ணு சொல்றேன். சில வருஷம் முன்னாடி லைட்டான பின் சக்கர வண்டி ஒண்ணுல 200க்கு மேல பவர் ஏத்தினேன். ரெண்டாவது டிராக் டேல வேகமான நீள வளைவு ஒண்ணு, உள்ள நுழைஞ்சதும் ரொம்ப வேகமா வந்துட்டோம்னு பயந்து ஆக்சிலரேட்டர்ல இருந்து கால சட்டுனு எடுத்தேன். அவ்வளவு தான், எடை எல்லாம் முன்னாடி போச்சு, பின்னாடி லேசாகி வால் சுத்திக்கிச்சு, ரெண்டு முழு சுத்து, புல்லுல போய் நின்னேன். யாருக்கும் அடி இல்ல, வண்டிக்கும் பெருசா ஒண்ணும் ஆகல. ஆனா அந்தத் தப்ப 70 ஹெச்பி வண்டில நூறு தடவ பண்ணியிருந்தேன்னா கால் தானா மெதுவா எடுக்கப் பழகியிருக்கும், அந்த இடத்துக்கு அவ்வளவு வேகத்துல வந்திருக்கவும் மாட்டேன். இத மறைக்க விரும்பல.

இருந்தாலும் பவர் வேணாம்னு நான் சொல்ல மாட்டேன். ஆக்சிலரேட்டர அளந்து மிதிக்கிறத பவர் இருக்குற வண்டி தான் கத்துக் குடுக்கும், 69 ஹெச்பில வளைவு பாதில முழுசா மிதிச்சாலும் ஒண்ணும் ஆகாதுன்னா கால் சோம்பேறியாயிடும். நடுவுல ஒரு வழி இருக்கு, அதே ஏ சீரிஸ் குடும்பத்துல ஏ14 1397 சிசி, ஏ15 1488 சிசி. ஒரே குடும்ப இஞ்சின்ங்கிறதால சிஏ18டெட் மாதிரி பாடிய வெட்டி ஒயரிங் முழுசா மாத்தி கூலிங் புதுசா யோசிக்கிற தலைவலி இல்ல, எடையும் மூக்குல பெருசா ஏறாது. முன்னாடி டிஸ்க் ஏறினப்புறம் அத யோசிங்க. முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5, 1989ல வந்தது, டன்னுக்கு 120 ஹெச்பி சொச்சம் தான், அத ஓட்டினவங்க யாரும் போர் அடிக்குதுன்னு சொல்லி நான் கேட்டதில்ல. உங்க வண்டி எடைக்கு 85, 90 ஹெச்பி வந்தாலே அந்தப் பக்கம் போயிடலாம். 170 போட்டா டன்னுக்கு 220 தாண்டும், அது வேற உலகம்.

மூணாவதுகியர்:

பூஸ்ட்பிரியன் தம்பி, ஹேண்டிகேப் விஷயம் நீங்க சொன்னது தான் சரி, நான் பாதி தான் சொன்னேன். அதுக்குப் பதிலா 1965 மான்டி கார்லோவ சொல்லியிருக்கணும். அந்த வருஷம் பயங்கர பனிப்புயல், இருநூத்துக்கு மேல கிளம்பின வண்டில ரொம்ப கொஞ்சம் தான் மொனாக்கோ வந்து சேந்துச்சு, டிமோ மாகினென் மினிய வச்சு நேரத் தண்டனை ஒண்ணு கூட வாங்காம ஜெயிச்சார். அதுவும் வழுக்குற ரோடு தானேன்னு சொல்வீங்க, சொல்லுங்க, ஒத்துக்கிறேன். ஆனா ஓவர்டேக் வாதத்த ஒத்துக்க மாட்டேன், இடம் பத்தலன்னா பின்னாடியே போறது தான், எவ்வளவு பவர் இருந்தாலும். பவர நம்பி இடைவெளிய கணக்குப் போடுற பழக்கம் 70 ஹெச்பிலயும் ஆபத்து, 300லயும் ஆபத்து.

தகரக்கொட்டகை தம்பிக்கு ஒரு பயிற்சி மட்டும் சொல்றேன், டிராக் டேல இல்லன்னா அனுமதி வாங்கின காலி மைதானத்துல, பொது ரோட்டுல வேணாம். நாலு கூம்பு வச்சு ஒரே ஒரு வளைவு அமைச்சுக்குங்க. நேர்ல வரும்போது பிரேக்க உறுதியா மிதிங்க, ஸ்டியரிங் திருப்ப ஆரம்பிக்கும்போது மொத்தமா விட்டுடாம ஸ்டியரிங் ஏற ஏற பிரேக்க கொஞ்சம் கொஞ்சமா கரைங்க, நூல் பிரிச்சு விடுற மாதிரி. மூக்கு அழுந்தி இருக்குறதால முன் டயர் நல்லா கடிக்கும். கண்ணு வளைவோட வெளி வாசல்ல இருக்கணும், போனட்ல இல்ல. ஒரே வேகத்துல முப்பது தடவ ஓட்டுங்க, வேகத்த ஏத்தாதீங்க, முப்பதும் ஒரே கோட்டுல வருதான்னு மட்டும் பாருங்க. முதல் நாள் எனக்கு பத்துல ரெண்டு தான் ஒண்ணா வந்துச்சு. டிரம் சூடாச்சுன்னா பயிற்சிய நிறுத்திட்டு கொஞ்ச தூரம் மெதுவா ஓட்டி ஆற விடுங்க, சூடா நிறுத்தி கை பிரேக் போட்டுடாதீங்க.

தகரக்கொட்டகை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. டர்போவ தள்ளி வச்சுட்டேன், ஏ15 பேர மட்டும் சுவத்துல எழுதி வச்சிருக்கேன். இந்த ரெண்டு வாரத்துல நாலு டயர், ஹோஸ் மூணு, வீல் சிலிண்டர் எல்லாம், மாஸ்டர் சிலிண்டர் புதுசு போட்டாச்சு. புஷ் போல்ட்ட தரைல வச்சு தளர்த்தினேன், பின் பக்கம் கிட்டத்தட்ட ரெண்டு விரல் அளவு கீழ உக்காந்துச்சு, பாத்துட்டு அப்படியே நின்னுட்டேன், இவ்வளவு நாள் இந்த ஸ்பிரிங் ரொம்ப உயரம்னு நெனச்சிட்டு இருந்தேன்.

ஒரே ஒரு சந்தேகம். காத்து முழுசா எடுத்துட்டேன், தூரமா இருக்குற சக்கரத்துல ஆரம்பிச்சு கிட்டத்துல முடிச்சேன், குமிழி வர்றது நின்னு போச்சு, ஒழுகலும் இல்ல. ஆனா பெடல் முதல் மிதிக்கு பாதிக்கு மேல கீழ போகுது, உடனே ரெண்டாவது மிதிச்சா மேல நிக்குது. புது மாஸ்டர் சிலிண்டர் கோளாறா?

கிரீஸ்கை:

மாஸ்டர் சிலிண்டர கழட்டாதீங்க தம்பி. ரெண்டாவது மிதிக்கு மேல வருதுன்னா பெரும்பாலும் ஷூ டிரம்ம விட்டு தள்ளி இருக்கு, முதல் மிதில இருக்குற ஆயில் எல்லாம் அந்த இடைவெளிய நிரப்பவே போயிடுது. ஒவ்வொரு சக்கரமா தூக்கி, ஸ்டாண்டு போட்டு, அட்ஜஸ்டர திருகி சக்கரம் கையால சுத்தும்போது லேசா உரசுற சத்தம் வர்ற வரைக்கும் கொண்டு வாங்க, அப்புறம் ஒரு பிடி தளர்த்துங்க. பின்னாடி பண்ணும்போது கை பிரேக் முழுசா இறங்கி இருக்கணும், கேபிள் இழுத்துட்டு இருந்தா அளவு தப்பா வரும். நாலும் முடிஞ்சதும் ஒரு தடவ காத்து எடுத்துட்டு பெடல் எப்படி இருக்குன்னு எழுதுங்க, அதுவரைக்கும் கொட்டகைய விட்டு வண்டிய வெளிய எடுக்காதீங்க.